சுகப்பிரசவம் என்றால் மட்டும் போதுமா?

(நம் குடியிருப்பின் மகளிர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் பலர் பிரசவத்துக்குப் போவது திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்கு, இல்லையென்றால் எழும்பூருக்கு. குழந்தை பிறந்ததும் நாம் கேட்பது இரண்டே கேள்வி: "ஆணா, பெண்ணா?", "நார்மலா, சிசேரியனா?" மூன்றாவதாக ஒன்று கேட்க வேண்டும்: "உன்னை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார்களா?"

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். அங்கே அவர்களை எப்படிக் கவனிக்கிறார்கள் என்பதுதான் இப்போது கேள்வி. மத்திய அரசும் 2017-ல் 'லக்ஷ்யா' திட்டத்தைத் தொடங்கி, அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைகளுக்கு மதிப்பெண் போடுகிறது.

சுகப்பிரசவத்தில் நாம் விசாரிக்க வேண்டியவை இவை:

1. துணைக்கு ஒருவர் உள்ளே இருந்தாரா? நம் மாநில அரசு மருத்துவமனைகளில் 2004 முதலே பிரசவத் துணைக்கு அனுமதி உண்டு. இது பல குடும்பங்களுக்குத் தெரியாது.

2. வலி கூடிய பிறகு, அரை மணிக்கு ஒருமுறையாவது குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்தார்களா?

3. பிறந்ததும் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஊசி போட்டார்களா? ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க உதவினார்களா?

4. வெட்டித் தையல் போட்டிருந்தால், காரணம் சொன்னார்களா? எல்லோருக்கும் வழக்கமாக அப்படிச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லியிருக்கிறது.

5. திரை போட்டுப் பரிசோதித்தார்களா? வலியில் கத்தியதற்கு யாராவது அதட்டினார்களா? குழந்தையைக் காட்டக் காசு கேட்டார்களா? 2011 முதல் அரசு மருத்துவமனைப் பிரசவம் முழுக்க இலவசம்.

ஒரே நர்ஸ் பல படுக்கைகளைக் கவனிக்க வேண்டியிருந்தால் அவருக்கும் சிரமம்தான். ஆனால் அதட்டாமல் பேசவும், ஒரு திரையை இழுத்துவிடவும் பெரிய செலவு ஆகாது. தாயும் சேயும் பிழைத்தார்கள் என்பதோடு மதிப்பீடு முடிந்துவிடக் கூடாது. அவமானப்பட்டுத் திரும்பும் பெண், அடுத்த முறை தாமதமாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாள்.

நாம் செய்யக்கூடியது சிறிய காரியம். உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் கர்ப்பமாக இருந்தால், துணை வைத்துக்கொள்ளலாம் என்று ஏழாம் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். சம்பளத்தோடு லீவு கொடுங்கள். குறை இருந்தால் மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுக்கவோ, 104-ஐ அழைக்கவோ உதவுங்கள். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டிருந்தால், அதையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.