பெரிய காய்கறித் தோட்டம்: நிலம் திருத்தலும் நடவும்

(அறவாரியத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

வீட்டுக் காய்கறித் தோட்டத்தைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு என்னைக் கேட்டுக் கொண்டார்கள். நான் விவசாய இலாகாவில் பணி புரிந்தவன் அல்லன். தமிழ்ப் பள்ளியில் கணிதம் போதித்து ஓய்வு பெற்றவன். வீட்டின் பின்புறம் உள்ள ஏறத்தாழ 4,000 சதுர அடி நிலத்தில் 18 ஆண்டுகளாகப் பயிர் செய்து வருகிறேன் என்பதே இங்கு நிற்பதற்கு எனக்குள்ள தகுதி. தோட்டம் என்றாலே நம்மவர்க்கு ரப்பர்த் தோட்டம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்லப் போவது வெண்டையும் கத்தரியும் விளையும் தோட்டத்தை. அதிலும் தொட்டிச் செடிகளை அல்ல; 1,000 சதுர அடிக்குக் குறையாத நிலம் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் புல்வெட்டும் ஆளுக்கு மாதந்தோறும் பணம் கொடுத்து வருபவர்களை மனத்தில் கொண்டே பேசுகிறேன். இந்த மண்டபத்திலும் அப்படிப் பலர் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

காய்கறி பயிரிடுவது நமக்குப் புதிதன்று. தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்கள் வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் கீரையும் புடலையும் போட்டு வந்தார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அருகிப் போனபோது மரவள்ளிக் கிழங்கே பல குடும்பங்களைக் காத்தது. 1974-ஆம் ஆண்டில் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடக்கி வைத்து, சும்மா கிடக்கும் நிலத்தில் உணவுப் பயிர் போடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். தோட்டங்கள் சில துண்டாடப்பட்டன. பல பின்னாளில் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. லயத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கொண்டு வந்தார்கள். கொல்லையைக் கொண்டு வர முடியவில்லை. அந்த மண் கம்பெனிக்குச் சொந்தமானது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, கேமரன் மலையில் விளைந்த காய்கறிகள் வாங்குவாரின்றிக் கொட்டப்பட்டதைச் செய்தியில் பார்த்தோம். அந்த மாதங்களில் எங்கள் தாமானில் வீட்டுக்கு வீடு மண்வெட்டிச் சத்தம் கேட்டது. எனக்கு மிக்க மகிழ்ச்சி. ஆனால் அடுத்த ஆண்டே அவற்றில் பெரும்பாலானவை லாலாங் புல்லாகி விட்டன. இன்றும் விளைந்து கொண்டிருப்பவை இரண்டோ மூன்றோதான். கைவிட்டவர்கள் சோம்பேறிகள் அல்லர். நன்றாக உழைத்தவர்கள். நிலம் முழுவதையும் ஒரே வாரத்தில் வெட்டி, ஒரே நாளில் நட்டார்கள். பெரிய தோட்டத்தைப் பெரிதாகவே தொடங்க வேண்டும் என்று எண்ணியதுதான் அவர்களைத் தோற்கடித்தது. இதை இன்று உங்களுக்கு உணர்த்தி விட்டால் நான் வந்த வேலை முடிந்தது.

என் கணக்கைக் கேளுங்கள். ஒரு பாத்தி 4 அடி அகலம், 20 அடி நீளம். 4 அடிக்கு மேல் அகலம் கூடாது; இரு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது. மிதித்த மண்ணில் வேர் இறங்காது. இத்தகைய பாத்தி ஒன்றைக் கொத்தி, கல் பொறுக்கி, முக்கால் அடி உயர்த்தி முடிக்க அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு இரண்டு காலை நேரங்கள் ஆகும். என்னிடம் இன்று 16 பாத்திகள் உள்ளன. அவ்வளவையும் முதல் மாதத்திலேயே வெட்டப் புறப்பட்டிருந்தால் 32 காலைகள் வேண்டும். அதற்குள் முதல் பாத்தியில் களை முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும். ஆகவே முதல் மூன்று மாதத்திற்கு நான்கே பாத்திகள். அவை ஒழுங்காக விளைந்த பிறகு இன்னும் நான்கு. மற்ற நிலம் அதுவரை மூடிக் கிடக்கட்டும்.

மூடி என்றால் மெய்யாகவே மூடித்தான். லாலாங் புல்லின் கிழங்கு மண்ணுக்குள் ஓடுகிறது. அதை வெட்டினால் வெட்டிய துண்டெல்லாம் முளைக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் பணம் கொடுத்து உழவு இயந்திரத்தை வரவழைத்து, நிலம் முழுவதையும் ஒரே பகலில் பொடியாக்கினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் முன்பிருந்ததைவிட அடர்த்தியாக லாலாங் எழுந்தது. மனிதர் மனம் உடைந்து போனார். அந்தப் புல்லுக்கு நிழல் ஆகாது. அட்டைப் பெட்டிகளை விரித்து மேலே தழை போட்டோ, கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பாலோ சில மாதங்கள் வெயில் படாமல் மூடி வைத்தால் கிழங்கு வலுவிழந்து அழுகும். ஓரளவு அடங்கிய பிறகு சர்க்கரைவள்ளிக் கொடியைப் பரவ விடலாம். நிலமும் மூடியிருக்கும், சமையலுக்குக் கீரையும் கிழங்கும் கிடைக்கும்.

இனி மண்ணுக்கு வருவோம். தாமான் வீடுகளில் இருப்பதைப் பெரும்பாலும் மண் என்று சொல்லவே எனக்கு மனம் வருவதில்லை. வீடு கட்டும்போது மேல்மண் வழிக்கப்பட்டு, அடியிலிருந்த செம்மண் களியும் உடைந்த செங்கல்லும் சிமெண்டுக் கட்டியும் அங்கே நிரவப்பட்டிருக்கும். முதலில் ஓர் அடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி நீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால், வடிகால் வெட்டிப் பாத்தியை ஓர் அடியாக உயர்த்தாமல் எதையும் நடாதீர்கள். நம் நாட்டில் செடிகள் நீரின்றிச் சாவதைவிட நீர் தேங்கிச் சாவதே அதிகம் என்பது என் அனுபவம்.

ஓயாத மழை மண்ணின் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கொண்டு போவதால் நம் மண் புளிப்பு மிகுந்தது. புளித்த மண்ணில் எவ்வளவு உரம் போட்டாலும் செடி அதை முழுமையாக எடுத்துக் கொள்ளாது. இதற்கு விவசாயக் கடைகளில் விற்கும் சுண்ணாம்புக்கல் தூள் போதும். ஈப்போவைச் சுற்றி நிற்கும் மலைகள் பலவும் அந்தக் கல்தான். நான் சொன்ன அளவுள்ள பாத்தி ஒன்றுக்கு ஏறக்குறைய 2 கிலோ தூவி, மண்ணோடு கலந்து, மூன்று வாரம் விட்டுவிட வேண்டும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு வேறு. அது வீரியம் மிக்கது, அதே அளவில் அதைக் கொட்டிவிடாதீர்கள். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் போடுவதும் தவறு. மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வரும். காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றோடு போகிறது என்று அதற்குப் பொருள்.

மூன்று வாரம் கழித்து எரு இடலாம். நன்கு மக்கிய கோழி எரு பாத்திக்கு 10 முதல் 15 கிலோ. பண்ணையிலிருந்து வந்த புது எரு வேரைச் சுட்டுவிடும். இரண்டு மாதமாவது குவித்து மூடி வைக்க வேண்டும். அதோடு இலை தழை மக்கிய உரம் எவ்வளவு கிடைத்தாலும் போடுங்கள். வாழைத்தண்டு, காய்கறித் தோல், வெட்டிய புல் எல்லாம் மக்கும். சமைத்த சோற்றை மட்டும் சேர்க்க வேண்டாம், எலி வரும்.

இவ்வளவும் முடிய ஒன்றரை மாதமாவது ஆகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். காய்க்கும் செடிக்கு நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். ஜூன் மாதத்தில் சூரியன் வடக்கே சாய்கிறது, டிசம்பரில் தெற்கே சாய்கிறது. ஆகவே ஜூனில் வெயில் பட்ட இடம் டிசம்பரில் சுவரின் நிழலில் இருக்கக் கூடும். பயற்றங்கொடிக்கும் புடலைக்கும் நடும் பந்தல்களை வடக்கு தெற்காக அமைத்தால் காலை வெயில் ஒரு பக்கமும் மாலை வெயில் மறுபக்கமும் படும்.

நடவுக்கு நல்ல மாதம் எது என்று கேட்பவர்கள் உண்டு. தமிழகத்தில் ஆடிப்பட்டம் என்று பார்த்து விதைப்பது அங்குள்ள மழையை ஒட்டியது. இங்கே பகல் பொழுது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம். எந்த மாதத்திலும் விதை முளைக்கும். நாம் பார்க்க வேண்டியது பேய் மழையைத்தான். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை மழை அடித்து ஊற்றும். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் சனவரி வரை. கெடா, பெர்லிஸ் பக்கம் சனவரி, பிப்ரவரியில் மண் வெடிக்கும். மழை மாதங்களில் சிறு விதைகளைப் பாத்தியில் தூவினால் அவை வடிகாலில் போய் முளைக்கும். கூரையின் கீழ் தட்டுகளில் நாற்று விட்டு, நான்கு வாரம் கழித்துப் பிடுங்கி நடுவதே நல்லது. வெண்டையையும் பயற்றையும் மட்டும் நேரே ஊன்றலாம். வெண்டை விதையை முதல் நாள் இரவு ஊற வைத்து, ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஊன்றினால் 50 நாள் அளவில் காய் பறிக்கலாம். ஒரு குடும்பத்துக்கு 20 செடி போதும். தண்டுக்கீரையும் கங்கோங்கும் ஒரே மாதத்தில் அறுவடைக்கு வருவதால் வாரம் ஒரு வரிசையாக விதைத்து வாருங்கள். ஒரே நாளில் பாத்தி முழுவதும் விதைத்துவிட்டு, கீரை வேண்டுமா கீரை வேண்டுமா என்று வீடு வீடாக அலைந்தவர்களை நான் அறிவேன்.

கத்தரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவர் அதிகம் கண்ணீர் விடுவது இதனால்தான். பூவும் பிஞ்சுமாக நிற்கும் செடி திடீரென்று பச்சையாகவே வாடி விழும். நீர் ஊற்றினாலும் எழாது. இது மண்ணில் வாழும் பாக்டீரியாவால் வருவது. தண்டின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணாடிக் குவளையில் நீரில் நிறுத்திப் பாருங்கள். சிறிது நேரத்தில் பால் போன்ற இழை இறங்கினால் அந்த நோய்தான். மருந்து தேடிக் கடைக்கு ஓட வேண்டாம். செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அந்தப் பாத்தியில் கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றையும் நீண்ட காலம் நடாதீர்கள். கீரை, சோளம், பயறு போடலாம். நம் நாட்டில் வேலியோரத்தில் தானே முளைத்து நிற்கும் சுண்டை இதற்கு ஒரு நல்ல வழி. சுண்டைக் கன்றின் வேர் இந்த நோயைப் பெரும்பாலும் தாங்கும். அதன் மேல் கத்தரிக் கன்றை ஒட்டுக் கட்டினால், வேர் சுண்டையுடையது, காய் கத்தரியுடையது. சுண்டை மெதுவாக வளருவதால் அதன் விதையைச் சில வாரங்கள் முன்னதாகப் போட வேண்டும். கிருஷ்ணருக்குத் தெரிந்த வித்தை ஒன்றுமில்லை. சவர பிளேடும் சிறு கவ்வியும் நிதானமும் இருந்தால் யாரும் பழகலாம். பத்துக்கு ஏழு ஒட்டு பிடித்தாலே வெற்றி என்று கொள்ளுங்கள்.

பாகற்காய்க்குப் பழ ஈ எதிரி. பிஞ்சு விரல் நீளம் வந்தவுடன் பழைய நாளிதழைச் சுருட்டி உறை போட்டுவிட்டால் தப்பும். மழைத்துளி அடித்து மண் இறுகாமலிருக்கப் பாத்தி மேல் வெட்டிய புல்லையோ வைக்கோலையோ பரப்புங்கள்.

இரண்டு எச்சரிக்கைகளை வற்புறுத்தியே ஆக வேண்டும். நீர்த்தொட்டிகளை வலை கட்டி மூடுங்கள். வாளி, தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். காய்கறியோடு டிங்கியையும் வளர்த்து அண்டை வீட்டுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

மற்றொன்று நீரிழிவு உள்ளவர்களுக்கு. நம் சமூகத்தில் இந்நோய் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியாய்டோசிஸ் என்னும் காய்ச்சலை உண்டாக்கும் கிருமி இருக்கிறது. அது நீரிழிவுக்காரரைத்தான் அதிகம் தாக்குகிறது. உயிருக்கே ஆபத்தாக முடியக் கூடும். ஆகவே வெறுங்காலோடு மண்ணில் இறங்காதீர்கள். முழங்கால் வரை ரப்பர்க் காலணியும் கையுறையும் அணியுங்கள். காலில் புண் இருந்தால் ஆறும்வரை தோட்டம் காத்திருக்கட்டும். விடாத காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம், நான் மண்ணில் வேலை செய்பவன், எனக்குச் சர்க்கரை உண்டு என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை இருக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். லயத்துக் கொல்லையில் பயிர் செய்த பாட்டிமார்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் சிலரிடம் சாம்பலில் புரட்டிப் போத்தலில் போட்ட புடலை விதையும் அவரை விதையும் இருக்கக் கூடும். போய்க் கேளுங்கள். விதையை வாங்கும்போதே அதை எப்போது, எந்த ஆழத்தில் போடுவது என்பதையும் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். பேரப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால் அவர்கள் எழுதட்டும்.

வெளியே வாசலருகில் உள்ள மேசையில் 30 சுண்டைக் கன்றுகள் வைத்திருக்கிறேன். நிலம் திருத்தத் தொடங்கியவர்கள் ஆளுக்கு இரண்டு எடுத்துச் செல்லலாம். ஒட்டுக் கட்டும் முறையைத் தேநீர் வேளையில் செய்து காட்டுகிறேன், பிளேடு கொண்டு வந்திருக்கிறேன்.