புயல் எச்சரிக்கையும் நம் விசுவாசமும்

(திருவருகைக் காலத்தில் ஒலிபரப்பான வானொலி மறையுரை)



திருவருகைக் காலமும் புயல் காலமும் ஆண்டுதோறும் நமக்குச் சேர்ந்தே வருகின்றன. ஆலயத்தில் முதல் ஊதா மெழுகுதிரி ஏற்றும் நாள்களில்தான் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்ற செய்தியும் வருகிறது. பாம்பனிலும் நாகையிலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். விழிப்பாயிருங்கள் என்று நற்செய்தி சொல்லும் அதே வாரத்தில் வானிலை ஆய்வு மையமும் அதையே சொல்கிறது.

புயல் வரும்போது தீவில் இருப்பவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் கடல், ஓடுவதற்கு இடமில்லை. 1964 டிசம்பர் 22, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று நாளே இருந்தது. அந்தமான் கடலில் உருவான புயல் இலங்கையைக் கடந்து, அன்று நள்ளிரவில் இராமேசுவரம் தீவின் முனையிலுள்ள தனுஷ்கோடியைத் தாக்கியது. இருபுறமும் கடல் சூழ்ந்த ஒடுங்கிய மணல் திட்டு அது. காற்றைவிட, காற்று தள்ளிக்கொண்டு வந்த கடல்தான் ஊரை விழுங்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயில், நிலையத்தை நெருங்கும்போது அலையில் அகப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடிந்த ஆலயத்தின் சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.

'நமக்கென்ன, நாம் மலையடிவாரத்தில் இருக்கிறோம்' என்று திருவண்ணாமலை மக்களாகிய நாமும் ஒரு காலத்தில் எண்ணினோம். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஆனால் நகராமல் நின்று மழையைக் கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் பெய்தது. மறுநாள் டிசம்பர் 1, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கடலின் முழக்கத்தால் மக்கள் கலங்குவார்கள் என்ற லூக்கா நற்செய்திப் பகுதியை அன்று திருப்பலியில் கேட்டோம். அன்றே நம் ஊரில், வ.உ.சி. நகரில், மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேரைப் புதைத்தன. அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

அவர்கள் என்ன பாவம் செய்தார்களோ என்று யாரும் பேசத் துணிய வேண்டாம். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று ஆண்டவரே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

இன்னொரு பேச்சும் நம்மிடையே உண்டு. 'சாமி, கடவுள்மேல் நம்பிக்கை இருந்தால் வீட்டை விட்டு எதற்கு முகாமுக்குப் போக வேண்டும்? அவர் பார்த்துக்கொள்வார்' என்கிறார்கள். இது பக்தியாகத் தோன்றுகிறது. ஆனால் பவுலடியார் அப்படி நடந்துகொள்ளவில்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசியுங்கள். கிரேத்துத் தீவை விட்டு இந்தப் பருவத்தில் புறப்பட வேண்டாம் என்று பவுல் எச்சரிக்கிறார். நூற்றுவர் தலைவரோ கைதியின் சொல்லைத் தள்ளிவிட்டு, கப்பல் ஓட்டுநரையும் உரிமையாளரையும் நம்புகிறார். புயல் அடித்து, பதினான்கு நாள் கப்பல் அலைக்கழிகிறது. ஓர் உயிருக்கும் சேதமில்லை என்று கடவுளின் தூதர் பவுலுக்கு வாக்குறுதி தருகிறார். அதைப் பெற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாரா? கப்பலை விட்டுத் தப்ப முயன்ற மாலுமிகளைத் தடுக்கச் செய்தார். சோர்ந்திருந்தவர்களைச் சாப்பிட வைத்தார். 276 பேரும் மால்தா தீவில் உயிரோடு கரை சேர்ந்தார்கள். கடவுள் தம் வாக்கை மனிதரின் கவனத்தின் வழியாக நிறைவேற்றினார். எச்சரிக்கையைக் கேட்டு நடப்பது விசுவாசக் குறைவு அன்று, அதுவும் கீழ்ப்படிதல்தான்.

மால்தாவில் நடந்ததையும் மறக்க வேண்டாம். முன்பின் அறியாத அத்தீவு மக்கள், மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்குத் தீ மூட்டினார்கள். பவுலும் தம் பங்குக்குச் சுள்ளி பொறுக்கிப் போட்டார். வந்தவர்களின் சமயத்தை யாரும் விசாரிக்கவில்லை.

ஆகவே இறைமக்களே, இந்தத் திருவருகைக் காலத்தில் குடிலுக்கு வைக்கோல் சேர்க்கும்போதே இதையும் செய்யுங்கள். குடும்ப அட்டை, ஆதார், மருந்துகள், டார்ச் லைட்டை ஒரு பையில் எடுத்து வையுங்கள். மலையடிவாரத்தில் இருப்பவர்கள், கனமழையின்போது சேறு கலந்த நீர் இறங்கினாலோ, தரையில் வெடிப்புத் தெரிந்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் வெளியேறுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077. உங்கள் தெருவில் தனியாக வாழும் பாட்டி யார், நடக்க முடியாதவர் யார் என்று இன்றே கேட்டு வையுங்கள். அவர்கள் வீட்டுக் கதவை யார் தட்டுவது என்று அன்பியத்தில் பேசி முடிவு செய்யுங்கள். பெத்லகேமில் இடமில்லை என்று சொன்னவர்களைக் குறை கூறுகிறோமே; மழை இரவில் நம் வாசலில் நிற்பவருக்கு இடம் இருக்கிறதா?

மன்றாடுவோம்: காற்றையும் கடலையும் அடக்கிய ஆண்டவரே, தீவுகளிலும் கடலோரங்களிலும் மலையடிவாரங்களிலும் வாழும் மக்களைக் காத்தருளும். எச்சரிக்கையைக் கேட்கும் செவியையும், அயலாருக்குத் திறக்கும் கதவையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.