அறிவியலும் ஒரு கோத்தோங் ரோயோங்
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

அறிவியலைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி தலைமையாசிரியர் என்னைப் பணித்தார். நான் பெரிய பட்டம் பெற்றவள் அல்ல. பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஆசிரியை. பால்மரம் வெட்டியவரின் மகள். 'அறிவியல் பேச இந்த அம்மாவுக்கு என்ன தகுதி?' என்று உங்களில் யாராவது நினைக்கலாம். அந்த நினைப்பைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கெவின் ஷாவின்ஸ்கி என்று ஓர் இளம் ஆராய்ச்சியாளர் இருந்தார். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள தொலைநோக்குக் கருவி எடுத்த வானத்துப் படங்கள் அவர் முன்னே மலைபோல் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு படத்திலும் ஒரு விண்மீன் கூட்டம். நம் சூரியனைப்போல் கோடானுகோடி சூரியன்கள் சேர்ந்த கூட்டம் அது! சுருள் வடிவமா, முட்டை வடிவமா என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பிரிக்க வேண்டும். அந்தக் காலத்துக் கணினியைவிட மனிதக் கண்ணே இதை நன்றாகச் செய்தது. ஏறக்குறைய 50,000 படங்களைத் தனி ஆளாகப் பார்த்து அவர் சலித்துப் போனார். மிச்சம் இருந்தவையோ பல லட்சம்.

சரி, ஊரையே கூப்பிடுவோம் என்று அவரும், கிறிஸ் லின்டாட் என்ற வானியலாளரும், மற்ற நண்பர்களும் முடிவு செய்தார்கள். 2007 ஜூலை மாதம் அந்தப் படங்களை இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்தார்கள். 'கேலக்ஸி ஜூ' என்று பெயர். பட்டம் இருக்கிறதா என்று கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. எப்படிப் பார்ப்பது என்று சிறிது பழக்கிவிட்டு வேலையைக் கொடுத்தார்கள். ஒரே ஆண்டில் ஏறத்தாழ 150,000 பேர் சேர்ந்து 50 மில்லியனுக்கு மேற்பட்ட பதில்களைத் தந்தார்கள்.

'கண்டவர்களும் பார்த்தால் தப்பு வராதா?' என்று கேட்பீர்கள். வரும். அதனால்தான் ஒரே படத்தைப் பல பேர் பார்த்தார்கள். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்தார். சுருள் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்ற கேள்விக்கு, 'கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம்' என்ற பதில் சற்று அதிகமாக வந்தது. உடனே படங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிக் காட்டிப் பார்த்தார்கள். அப்போதும் அதே பதில்தான் அதிகம்! ஆக, கோளாறு வானத்தில் இல்லை, நம் கண்ணில் என்று தெரிந்தது. அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

இனிமேல்தான் முக்கியமான செய்தி. ஹாலந்து நாட்டில் ஹானி வான் ஆர்க்கெல் என்று ஒரு பெண். அவரும் நம்மைப்போல் ஒரு பள்ளி ஆசிரியை, வானியலாளர் அல்ல. அதே 2007இல் ஒரு படத்தின் ஓரத்தில் வினோதமான திட்டு ஒன்றைக் கண்டார். 'இது என்ன?' என்று எழுதிக் கேட்டார். அவ்வளவுதான். பதில் யாருக்கும் தெரியவில்லை. 'டீச்சரம்மாவுக்கு இதெல்லாம் எதற்கு?' என்று அவர்கள் தள்ளிவிடவில்லை. பெரிய கருவிகளை அந்தப் பக்கம் திருப்பினார்கள். 2010இல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியும் அதைப் படம் எடுத்தது. பக்கத்து விண்மீன் கூட்டத்தின் நடுவிலிருந்து முன்பு வீசிய கடும் ஒளி மங்கிவிட்டது. அந்தப் பழைய ஒளிதான் இந்த வாயு மேகத்தை ஒளிர வைத்திருக்கிறது என்று விளக்கம் கிடைத்தது. இன்று அதன் பெயர் 'ஹானியின் வோர்வெர்ப்'. டச்சு மொழியில் வோர்வெர்ப் என்றால் 'பொருள்'. 2009இல் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் பேராசிரியர்களின் பெயர்களோடு அந்த ஆசிரியையின் பெயரும் இருக்கிறது.

பெரியோர்களே, நம் பள்ளியில் கோத்தோங் ரோயோங் நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். வந்தவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, 'அண்ணே, நீங்க இந்த மூலையைப் பாருங்க' என்று சொன்னால் அவர் சந்தோஷமாக வேலை செய்வார். சும்மா ஓரமாக நிற்க வைத்தால் அடுத்த முறை வரமாட்டார். அறிவியலும் அப்படித்தான். கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. வந்தவருக்கு வேலையைக் கற்றுக் கொடுக்க வேண்டும். அவர் கேள்வியை மதிக்க வேண்டும். செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டும்.

இதைச் சொல்லும்போது என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு நுண்ணோக்காடி இருந்தது. அலமாரிச் சாவி என்னிடம். மூன்றாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி ஒரு நாள் போத்தலில் அல்லூர்த் தண்ணீர் கொண்டு வந்தாள். 'டீச்சர், இதுல என்னமோ நெளியுது. அந்தக் கண்ணாடியில பாக்கலாமா?' என்று கேட்டாள். 'அது ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு. உனக்குப் புரியாது, போ' என்றேன். உடைந்துவிடுமே என்ற பயம் எனக்கு. அவள் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்த ஆண்டு முழுவதும் என்னிடம் வேறொரு கேள்வி கேட்கவே இல்லை. அதில் நெளிந்தது என்னவென்று இன்றுவரை எனக்கும் தெரியாது. ஹானிக்குக் கிடைத்த பதில் அந்தக் குழந்தைக்கு என்னிடம் கிடைக்கவில்லை.

நம் நாடும் உறுப்பினராக உள்ள யுனெஸ்கோ, 2021 நவம்பரில் திறந்த அறிவியலுக்கான பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. அறிவியல் எல்லாருக்கும் எட்ட வேண்டும், பல மொழிகளிலும் கிடைக்க வேண்டும், பாமர மக்களின் அனுபவ அறிவையும் மதிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. உலக சபை சொன்னதை நம் தோட்டத்தில் நாம்தான் செய்ய வேண்டும்.

ஆகவே தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒன்று அறிவிக்கிறேன். வரும் தவணை முதல் வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி விட்டதும் அறிவியல் அறை திறந்திருக்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளையும் வரலாம். பெற்றோரும் வரலாம். செம்பனைக் காட்டில் எலி எப்போது பெருகும், ஆந்தைக் கூட்டில் எப்போது குஞ்சு இருக்கும் என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தமிழிலேயே சொல்லுங்கள். பிள்ளைகள் தேதி போட்டு, பார்த்தவர் பெயரோடு நோட்டில் எழுதட்டும். இன்னொருவர் போய்ப் பார்த்துச் சரியா என்று சொல்லட்டும். 'எனக்கு எழுதத் தெரியாதே' என்று யாரும் தயங்க வேண்டாம். பார்க்கத் தெரிந்தால் போதும்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கியவர்களுக்கு என் வாழ்த்துகள். பரிசு வாங்காதவர்களே, நீங்களும் வாருங்கள். 'இது என்ன?' என்று கேளுங்கள். எனக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வேன். பிறகு இருவரும் சேர்ந்து பார்ப்போம்.