பயிற்சிக்கு ஏற்ற வாள்



நம் தமிழ்ப்பள்ளி மேடைகளுக்குக் கட்டபொம்மன் புதியவர் அல்லர். 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட அவர், கலைவிழாக்களில் மீண்டும் வாளேந்தி வருகிறார். அவ்வாள் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. வசனத்திற்கு வாரக்கணக்கில் ஒத்திகை நடக்கும். வாளையோ முதல்நாள் மாலையில்தான் தேடுவார்கள்.

புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார் இருவகைப் படைக்கலங்களைக் காட்டுகிறார். தொண்டைமானுடையவை பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல்மனையில் இருப்பவை. அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பவை. சுவரில் மாட்டுவதற்கென விற்கப்படும் பளபளப்பான வாள்கள் முதல் வகையின. பெரும்பாலும் துருப்பிடிக்கா எஃகால் ஆன அவற்றில், பிடிக்குள் நுழையும் காம்பு மிக ஒடுங்கியிருக்கும். வாளோடு வாள் மோதினால் காம்பு முறிந்து, அலகு அவையோர்மீது பறக்கக்கூடும். அழகு கருதி அவற்றை மாணவர் கையில் தருதல் தகாது.

மாற்று நம் அருகிலேயே உள்ளது. மலேசியக் காடுகளில் விளையும் பிரம்பு, மலாயில் ரோத்தான், உள்ளே துளையற்றது. மூங்கிலோ உள்ளீடற்றது, பிளந்தால் கூரிய சிம்பாகிக் கண்ணைக் குத்தும். பிரம்பு அடிபட அடிபட நார்நாராகப் பிரியுமேயன்றி அவ்வாறு பிளப்பது அரிது. (வகுப்பறையில் அது ஆற்றிய வேறு தொண்டினை மூத்தோர் அறிவர்.) சிலம்பத்தின் நெடுங்கம்பை நெற்றியளவு வைத்து அளப்பர். வாள்வீச்சுக்கான கோலோ, கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது நுனி தரையைத் தொடாத நீளம் போதும். பிடிக்குப் பருத்தி நாடாவும் நுனிக்கு ரப்பர் உறையும் இடுக.

கோல் போலி வாள் என்று தயங்க வேண்டா. பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநரின் அறிவிப்பு பாளையங்களில் ஆயுதங்களைத் தடைசெய்தது. வாள் பறிபோன கைகளில் பயிற்சியைக் காத்தது கோலே என்பது என் கருத்து.

எடையில் கவனம் தேவை. உரோமப் படையில் புதியவர்க்கு உண்மை வாளினும் இருமடங்கு எடையுள்ள மரவாள் தரப்பட்டதாக வெஜீஷியஸ் எழுதுகிறார். அது போர்வீரனின் தோளுக்கு உரியது. பன்னிரண்டு வயதுச் சிறுவனின் மணிக்கட்டு சோர்ந்தால், வீச்சை இடையில் நிறுத்த அவனால் இயலாது. நான்கு மூங்கில் பட்டைகளைக் கட்டிச் செய்யும் சப்பானிய ஷினாயையும், முகக்கவசமும் கையுறையும் இன்றிக் கையாளலாகாது.

தேர்ந்த மூத்த மாணவர் எஃகு வாள் விரும்பினால், வில்லெஃகால் ஆனதாய், விளிம்பு தீட்டப்படாமல் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடித்ததாய், நுனி மழுங்கியதாய்த் தேர்க. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் ஏந்துதல் நம் நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே பள்ளியின் எழுத்துவழி அனுமதியோடு, ஆசிரியரே அதனை உறையிலிட்டுக் கொண்டுசெல்லட்டும்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்பு கோலை உள்ளங்கையால் வருடிப் பாருங்கள். நார் பிரிந்திருந்தால் நாடா சுற்றுங்கள். வளைக்கும்போது நெறிபடும் ஓசை கேட்டால் விறகோடு சேர்த்துவிடுங்கள்.