அலையாத்திக் காடும் கார்பன் காசும்

(அறக்கட்டளையின் குடும்பச் சந்திப்பில் செயலாளர் ஆற்றிய உரை)





"மரத்தை வெட்டாமல் வைத்திருந்தாலே வெளிநாட்டுக் கம்பெனி காசு தருமாமே, நிஜமா?" என்று நம் ஜமாஅத்தில் பலர் கேட்டுவிட்டார்கள். வயல் வைத்திருக்கும் சிலரிடம் ஒப்பந்தப் படிவமும் வந்திருக்கிறது. அதனால் இன்று இதையே பேசுகிறேன்.

நிஜம்தான். விமானக் கம்பெனியோ சிமென்ட் ஆலையோ தன் புகையை முழுதாக நிறுத்த முடியாதபோது, வேறோர் இடத்தில் காட்டைக் காப்பவர்களுக்குப் பணம் கொடுத்து அந்த அளவைத் தன் கணக்கில் கழித்துக்கொள்கிறது. ஒரு டன் கரியமில வாயு காற்றில் கலக்காமல் தடுத்தால் ஒரு கார்பன் கிரெடிட். கண்ணால் பார்க்கவோ தராசில் நிறுக்கவோ முடியாத சரக்கு. ஆகவே விற்பவர் நாணயம்தான் எல்லாம்.

நம் பக்கத்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜாம்புவானோடை தர்காவுக்குப் போன குடும்பங்கள் பல, படகேறிப் பார்த்திருப்பீர்கள். பாமணியாறு, கோரையாறு என்று காவிரியின் கடைசிக் கிளைகள் கடல் சேரும் இடம். காயலும் சேற்று நிலமும் சேர்த்துச் சுமார் 12,000 ஹெக்டேர். கோடியக்கரையோடு சேர்த்து 2002-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். இந்தக் காடு இழுக்கும் கார்பனில் பெரும்பங்கு காற்றுப் புகாத சேற்றுக்குள் மக்காமல் தங்கிவிடுகிறது. சேற்றைக் கிளறினால் சேர்த்ததெல்லாம் வெளியேறிவிடும்.

ஒரு காலத்தில் இது சத்திர நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தது. காட்டு வருமானத்தில் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டார்கள். நம் வக்ஃபு போலத்தான். பிறகு பிரிட்டிஷார் காலத்தில் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். வெயில் பட்ட சேறு காய்ந்து தாழ்ந்தது. பள்ளத்தில் கடல் நீர் தேங்கி உப்பேறியது. அதற்குப் பின் விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராமத்தாரைச் சேர்த்துக்கொண்டு, மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலை நீர் ஏறி இறங்க வழி செய்த பிறகே கன்றுகள் பிழைத்தன. அந்தக் காலத்தில் நம் பக்கம் கார்பன் சந்தை என்ற பேச்சே கிடையாது.

கார்பன் காசு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த இடமும் உண்டு. கென்யாவின் தென்கரையில் காஸி என்ற ஊர். நம்மைப் போல் முஸ்லிம்கள் அதிகம் வாழும் கடலோரம். அங்கே 117 ஹெக்டேர் அலையாத்திக் காட்டை, அரசு வனத்துறையோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஊராரே காக்கிறார்கள். 'மிக்கோகோ பமோஜா' என்று பெயர். ஆண்டுக்குச் சுமார் 3,000 டன் கணக்கு விற்று, அந்தப் பணத்தில் குடிநீர்க் குழாயும் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதும் செய்கிறார்கள். எதற்குச் செலவழிப்பது என்பதில் ஊராரின் பேச்சு எடுபடுகிறது. பெரிய தொகை இல்லை, ஆனால் தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது.

இனி மறுபக்கம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "என் புளியமரத்தை வெட்டப் போகிறேன், காசு கொடுத்தால் வெட்ட மாட்டேன்" என்கிறார். அவருக்கு வெட்டும் எண்ணமே இருந்ததில்லை என்றால், நாம் கொடுத்தது எதற்கு? ஜிம்பாப்வேயின் கரிபா காட்டுத் திட்டத்தில் நடந்தது ஏறக்குறைய இதுதான். இவ்வளவு காடு அழியும் என்று மிகையாகக் கணக்குக் காட்டி, அழியாத காட்டுக்கும் சேர்த்து கிரெடிட் விற்றதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அதை விற்றுவந்த சவுத் போல் நிறுவனம் 2023-இல் விலகிக்கொண்டது. தன்னிடம் இல்லாததை விற்கக் கூடாது என்று மதரஸாவில் சிறுவயதிலேயே ஓதிக் கொடுக்கிறார்களே, அது இங்கேயும் செல்லும்.

இன்னொன்று, காட்டைக் காக்கிறேன் என்று வேலி போட்டால் அங்கே பிழைப்பவன் எங்கே போவான்? முத்துப்பேட்டையில் வாய்க்கால் வெட்டி மீன் பிடிப்பது தலைமுறை வழக்கம். அந்த மீனவர்களைக் கேட்காமல் போடும் எந்த ஒப்பந்தமும் எனக்கு ஒப்பாது. இயற்கையின் கணக்கும் தனி. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அந்தக் காட்டை என்ன பாடு படுத்தியது என்று பார்த்தோம். அதனால் முறையான திட்டங்களில் கிரெடிட்டில் ஒரு பங்கை விற்காமல் இருப்பாக வைப்பார்கள்.

நம் வயல்காரர்களுக்கு வந்திருக்கும் படிவம் காடு பற்றியதல்ல, நெல் பற்றியது. எப்போதும் தண்ணீர் கட்டாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் சேற்றிலிருந்து மீத்தேன் குறைவாக வரும், அந்தக் குறைவை விற்பார்கள். முறை நல்லதுதான், தண்ணீரும் மிச்சம். ஆனால் சீனாவில் இப்படி நெல் வயலைக் காட்டிப் பதிவு செய்த 37 திட்டங்களை, சான்று தரும் வெர்ரா அமைப்பே 2024-இல் நிராகரித்தது. ஆகவே படிவத்தைப் பாருங்கள். எத்தனை வருடம் கட்டுப்பாடு? விற்ற விலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று எண்ணில் எழுதியிருக்கிறதா? கால்வாயில் முறைத் தண்ணீர் வராமல் போனால் பொறுப்பு யாருடையது? நிலம் கூட்டுப் பட்டா என்றால் ராத்தா, தங்கச்சிமார் கையெழுத்தும் வேண்டும், அவர்களுக்கும் பங்கு உண்டு. குத்தகைக்காரர் உழுகிற நிலமென்றால் தண்ணீர் கட்டும் சிரமம் அவருடையது, காசு மட்டும் பட்டாதாரருக்குப் போவது நியாயமில்லை.

படிவம் வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போடுமுன் ஒரு நகலை அலுவலகத்தில் கொடுங்கள். அடுத்த வெள்ளி அஸருக்குப் பிறகு நம் வக்கீல் சகோதரர் வருகிறார். ஆங்கிலத்தில் இருப்பதை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லியிருக்கிறேன். பெண்களுக்கு மேல்மாடியில் இடம் போட்டிருக்கிறது.