புகைபோக்கி: வைத்தால் மட்டும் போதுமா?

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



சமையல் எரிவாயு இன்று பெரும்பாலான இல்லங்களை எட்டிவிட்டது. ஆயினும் வெந்நீர் வைக்கவும், நெல் அவிக்கவும் விறகடுப்பை நாடும் குடும்பங்கள் நம் கிராமங்களில் இன்னும் உள்ளன. அவ்வடுப்பின் புகை தாய்மார்களின் கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கிறது. சிறு குழந்தைகளுக்கு நிமோனியா வரும் அபாயத்தை மிகுவிக்கிறது.

இத்தீங்கை அகற்றும் முயற்சி பழமையானது. ஐதராபாத்தில் டாக்டர் எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்பை வகுத்து, 1953-ல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். 1983-ல் தொடங்கி 2002 வரை நடைபெற்ற தேசியத் திட்டத்தின்கீழ் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. பின்னர் ஒடிசா கிராமங்களில் நிகழ்ந்த ஓர் ஆய்வு நமக்குப் பாடம் புகட்டுகிறது. புகைபோக்கி அடுப்பு வைத்த வீடுகளில் முதலாண்டில் புகை குறைந்தது. அடுத்த ஆண்டுகளில் அப்பயன் மறைந்தது. அடுப்பை முறையாகப் பயன்படுத்தாமையும், பழுது பார்க்காமையுமே காரணம்.

ஆகவே அமைக்கும்போதே சுத்தம் செய்வதற்கும் வழி வைத்தல் வேண்டும். வீட்டு அடுப்புக்கு மூன்று அல்லது நான்கு அங்குல உள்விட்டமுள்ள சுடுமண் குழாய் ஏற்றது. அதனை வளைவின்றி நேராக நிறுத்தி, கூரை முகட்டுக்கு மேல் இரண்டடியேனும் உயர்த்துக. இணைப்புகளில் விரிசல் இருப்பின் புகை வீட்டினுள் கசியும். வைக்கோல் கலந்த களிமண்ணால் அவற்றை நன்கு பூசுக. கீற்றுக் கூரையாயின், ஓலை குழாயைத் தொடாதவாறு சுற்றிலும் தகரம் பொருத்தி இடைவெளி விடுக. குழாயின் உச்சியில் மழைநீர் புகாதபடி மூடியும், அடியில் கரியை அள்ள ஒரு சிறு திறப்பும் அவசியம். அத்திறப்பை மற்ற நேரங்களில் செங்கல் வைத்து அடைத்திடுக.

தினமும் எரியும் அடுப்பாயின் மாதம் ஒருமுறை குழாயைத் துடைத்தல் நலம். ஈர விறகு எரித்தால் கரி விரைவில் படியும். அடுப்பு முற்றிலும் ஆறியபின், கயிற்றில் தேங்காய் நாரைக் குழாயின் அளவுக்கு உருண்டையாகக் கட்டி, கீழ்முனையில் ஒரு கல்லைக் கட்டுக. அதனை மேலிருந்து இறக்கிப் பலமுறை ஏற்றி இறக்குக. வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்க. கீழே விழுந்த கரியை முழுவதும் அள்ளி அகற்றுக. பழைய கல்நார்க் குழாயை மட்டும் தேய்க்கவோ அறுக்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. அதற்குப் பதிலாகச் சுடுமண் குழாயை மாற்றுதலே தக்கது.

அடுப்பு வாய் வழியே புகை திரும்பி வருமாயின் குழாய் அடைபட்டது என்று அறிக. அதனைச் சீர்செய்யாமல் தீ மூட்டலாகாது. படிந்த கரி தீப்பற்றினால் கூரைக்கே ஆபத்து.

ஊராட்சி மன்றத்தினர் ஓர் ஏணியும், நார்க்கயிறும் வாங்கி வைத்து, இளைஞர் இருவருக்கு இப்பணியைப் பழக்கலாம். செலவு சிறிது, பயனோ பெரிது. புதிதாக ஓர் அடுப்பு கட்டுமுன், ஏற்கெனவே உள்ள புகைபோக்கிகள் எத்தனை புகையை வெளியேற்றுகின்றன என்பதை வீடு வீடாகச் சென்று பார்ப்போமாக!