நிலவியாபாரப் பாடமும் நம் கைம்முதலும்

(மீஞ்சூரில் நம் குலசங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



காட்டுப்பள்ளித் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் எழுந்தபின், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கங்களில் மனை வியாபாரம் பெருகிற்று. நிலத்தில் முதலிட்டுப் பொருளீட்டக் கற்பிப்பதாகக் கூறிக் கட்டணம் வாங்கும் ஆசிரியர்களும் தோன்றினர். நம் குலத்து இளைஞர் ஒருவர், தாயாரின் நகையை அடகு வைத்து ஐம்பதினாயிரம் ரூபாய் கட்டலாமா என்று என்னைக் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்லுகிறேன்.

பழவேற்காட்டு ஏரியில் எந்தப் பாட்டில் எவர் முறை, எங்கே வலையிடுவது என்பதை நாம் தந்தையர் தோணியிலேறிக் கற்றோம். அவர்கள் பிழைத்தது மீனால். நமக்குக் கற்பித்ததனால் அன்று. ஆகவே முதற்கேள்வி இதுவே: இவ்வாசிரியர் பிழைப்பது நிலத்தாலா, நாம் கட்டும் கட்டணத்தாலா?

இதனை அறிதல் அரிதன்று. அவர் வாங்கி விற்றதாகக் கூறும் ஒரு நிலத்தின் ஊர்ப்பெயரையும் சர்வே எண்ணையும் கேளுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்நிலத்தின் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். எண்ணைச் சொல்லத் தயங்குவாராயின், அத்தயக்கமே விடையாகும். அவரே மனைகளையும் விற்றுத் தருபவராயின், 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி முகவராகப் பதிவு பெற்றவரா என்றும் விசாரியுங்கள்.

கற்கவேண்டியவற்றுட் பல இனாமாகவே கிடைக்கின்றன. பட்டாவையும் இணையத்திற் காணலாம். அங்கீகாரமற்ற மனைகளில், 2016 அக்டோபர் 20 வரை விற்கப்பட்டவற்றுக்கே வரன்முறைத் திட்டம் வந்தது என்பதை மறவாதீர்கள். நம் ஏரிக்கரையிலோ, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும், 1980-இல் ஏற்பட்ட பறவைகள் சரணாலயமும் உண்டு. மலிவென்று வாங்கிய மனையில் வீடு கட்ட இயலாமற் போகலாம். ஐயமுறும் தாய்மார்கள் சட்டப் பணிகள் குழுவை நாடலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டம், வருமானம் எவ்வளவாயினும், மாதருக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையை அளித்திருக்கிறது.

பணமே கொடுக்கலாகாது என்பது என் கருத்தன்று. வாங்கப்போகும் நிலத்தின் பத்திரங்களைப் பரிசோதிக்கும் வழக்கறிஞருக்கும், அளந்து காட்டும் சர்வேயருக்கும் கொடுப்பது செய்த வேலைக்குக் கூலி. வரப்போகும் செல்வத்தைப் பேசுபவருக்குக் கொடுப்பதோ நம் ஆசைக்கு நாமே கட்டும் வரி.

அவ்விளைஞர் ஆசிரியரிடம் சர்வே எண்ணைக் கேட்டார். இன்றுவரை பதில் வரவில்லை. நகை தாயாரின் பெட்டியிலேயே இருக்கிறது. மாதம் ஒரு நாள் வழக்கறிஞர் ஒருவரை அழைத்து, பத்திரம் பார்க்கும் முறையை இச்சங்கமே நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.